பண்மாயை விற்ற மலைவர்

போஸ்டரைக் கிழிக்காதே என்று சூடாமணி சொல்லி முடிப்பதற்குள் பால்பாண்டியின் கையில் பாதி போஸ்டர் வந்துவிட்டது.

"சரி, மீதியாவது முழுசா வரட்டும். ஓரத்துல தண்ணி தொட்டு உரி," என்றாள் அவள்.

அவன் உரித்தான். குருத்தம்பட்டி பஸ் நிறுத்தம், ரேஷன் கடைச் சுவர், தண்ணீர்த் தொட்டித் தூண்கள் என்று பார்த்த இடமெல்லாம் அதே போஸ்டர். மேலே சிவப்பு எழுத்தில் 'ஊரை விற்கும் அன்னக்கொடி'. கீழே ஒரு மின்னஞ்சலின் நகல். ஜெனித்ரா கம்பெனிக்கு அன்னக்கொடி தன் கைப்பட அனுப்பியதாம்.

'நான் மலைவர் ஆனதும் பண்மாயையும் அதை ஒட்டிய நஞ்சையையும் உங்களுக்கு விட்டுத்தர முதல் கையெழுத்துப் போடுவேன். குவைத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வதைக்கிற இடத்திலிருந்து என் மகனை மீட்டு, உங்கள் அமெரிக்க ஆபீசில் வேலை தர வேண்டும்.'

தலைவருக்கு மலைவர், கண்மாய்க்குப் பண்மாய். எழுதத் தெரியாவிட்டாலும் விற்கத் தெரிந்திருக்கிறதே என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள் என்றான் பால்பாண்டி.

"நீயும் சிரிச்சியா?"

"கூட்டத்தோட சேந்து லேசா, அக்கா. தனியா சிரிக்கல."

சூடாமணி மதுரையில் மஹால் பக்கம் ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். ஐம்பது வயது. மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது, காணாமல் போன பார்ட்னரைத் தேடுவது என்றுதான் பிழைப்பு ஓடியது. பால்பாண்டி முன்பு கேபிள் டி.வி. நடத்தியவன். கட்சிக்காரர் ஒருவர் தாமும் அதே தொழிலுக்கு வரப்போவதாகச் சொன்ன மறுநாள் அவனுடைய வயர்களெல்லாம் தெருவில் கிடந்தன. போலீசில் புகார் கொடுக்கப் போனவனிடம், வயர் தெருவில் கிடந்து போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அரசியல்வாதியைக் கண்டால் அவனுக்கு நாக்கில் உப்புக் கரிக்கும். சூடாமணியிடம் வேலைக்குச் சேர்ந்ததே அந்தக் கரிப்பைத் துப்புவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான்.

ஜெனித்ரா என்பது அமெரிக்காவில் பிறந்து, பெங்களூரில் வளர்ந்து, இப்போது மதுரைப் பக்கம் காலாற நடக்க வந்திருந்த பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. வந்த கையோடு ஊருக்கு ஒரு இன்டர்நெட் மையம், கேட்டவருக்கெல்லாம் இலவச மின்னஞ்சல் பெட்டி என்று வாரி வழங்கியது. மந்திரி ஒருவர் ரிப்பன் வெட்டினார். இப்படி வாரி விடுகிறவனுக்குப் பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அந்த மேடையில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் தெரிந்தது. குருத்தம்பட்டிப் பெரிய கண்மாயும் அதன் பாசன நிலமும் 'அறிவுப் பூங்கா' கட்டத் தோதான இடமாம். தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் அறிவு முளைக்கும் என்று பெங்களூரில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் போதும்.

அது 2006ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் நேரம். தீர்மானம் போட்டுக் கொடுக்கத் தயாராக நின்றவர் சோணை. இரண்டு பெரிய கட்சிகளிலும் மாறி மாறி இருந்தவர். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் பக்கத்துக்கு ஒரு கட்சிக்காரரை நிறுத்திக்கொண்டே ஓட்டுக் கேட்டார். எதிரே நின்றவள் அன்னக்கொடி. கண்மாயை விட மாட்டோம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு இல்லை. அந்த ஒரு பேச்சே சோணையைப் படுக்கவிடாமல் செய்திருந்தது. போஸ்டர் வந்த பிறகு அவர் நன்றாகத் தூங்குவதாகக் கேள்வி.

சூடாமணியை வரவழைத்திருந்த அன்னக்கொடியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சொந்த நாத்தனார் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், ஓட்டுக் கேட்கப் போன தெருவில் ஒருத்தி வாசலில் துடைப்பத்தைச் சாத்தி வைத்ததையும் அவள் ஏதோ கடைக்குப் போய் வந்த கதை போலச் சொன்னாள். புருஷன் பேயாண்டியைப் பற்றி வந்தபோதுதான் குரல் இறங்கியது. அவர் திட்டவில்லையாம். பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

அதற்குக் காரணம் இருந்தது. மகன் அழகுபாண்டி குவைத்தில் படுகிற பாட்டை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் மின்னஞ்சலில் எழுதுவான், இவள் பதில் எழுதுவாள், அவ்வளவுதான். நெஞ்சுவலிக்காரர் என்று பேயாண்டியிடம்கூட மறைத்துவிட்டாள். அந்த ரகசியம் போஸ்டரில் வந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாத விஷயம் கடிதத்தில் இருந்தால், கடிதம் அவள் எழுதியதாகத்தானே இருக்க வேண்டும்? ஊர் அப்படித்தான் கணக்குப் போட்டது. பேயாண்டியும் அந்தக் கணக்கில் பாஸ் மார்க் போட்டுவிட்டார்.

"நான் எழுதல, யம்மா," என்றாள் அன்னக்கொடி. "எழுதுனேன்னு எம் பெட்டியே சொல்லுது. அனுப்புனதுன்னு ஒரு பக்கம் இருக்கும்ல, அதுல நிக்கிது. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சூடாமணி அவளை இன்டர்நெட் மையத்துக்கு அழைத்துப் போனாள். போகிற வழியில் பால்பாண்டி ரகசியமாகத் தன் முடிவைச் சொன்னான். மையத்தை நடத்துகிற திவ்யாதான் குற்றவாளி. அன்னக்கொடிக்குப் பெட்டி திறந்து கொடுத்தவள் அவள், பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவளும் அவள். சாவியை வைத்திருக்கிறவளை விட்டுவிட்டு ஜன்னலை எதற்கு ஆராய வேண்டும் என்பது அவன் வாதம். ஊரும் அதே வாதத்தில்தான் இருந்தது. அன்னக்கொடியை நம்பியவர்கள் திவ்யாவைச் சந்தேகித்தார்கள். மையத்தின் கதவில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். திவ்யா அதைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு நின்றாள்.

சூடாமணி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்னக்கொடியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, கடிதத்தின் முதல் வரியை வாயால் சொல்லி அடிக்கச் சொன்னாள். அந்த மையத்தில் தமிழ் அடிக்கிற முறை எளியது. இங்கிலீஷ் எழுத்தில் உச்சரிப்பை அடித்தால் திரையில் தமிழாக மாறும். அன்னக்கொடி இரண்டு விரலால் கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினாள். 'நான் தளைவர் ஆனதும் கன்மாயை' என்று வந்தது. பிறகு திவ்யா அடித்தாள். மளமளவென்று, ஒரு பிழை இல்லாமல்.

சூடாமணி இரண்டையும் பார்த்தாள், கையில் இருந்த போஸ்டரைப் பார்த்தாள். அப்புறம் திருநகருக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள்.

"இந்தப் பிள்ளையை ஒண்ணும் கேக்கலையா?" என்றான் பால்பாண்டி.

"கேட்டாச்சே. நல்லா பதில் சொல்லிருச்சு."

ஜெனித்ராவின் மதுரை அலுவலகம் திருநகரில், மெயின் ரோட்டை ஒட்டி, கண்ணாடி போர்த்திக்கொண்டு நின்றது. உள்ளே போனதும் பால்பாண்டிக்கு மார்கழி மாதம் வந்துவிட்டது. வாசலில் அவர்கள் பேரை எழுதி, கழுத்தில் தொங்க ஒரு அட்டை கொடுத்தார்கள். கோயில் மாட்டுக்கு மணி கட்டிய மாதிரி இருக்கிறது என்று அவன் அதை ஆட்டிப் பார்த்தான்.

அலுவலகத் தலைவர் ஹரிராம் எழுந்து நின்று வரவேற்றார். நெற்றியில் மெல்லிய நாமம், சட்டைப்பையில் இரண்டு பேனா. சூடாமணியைப் பார்த்ததும் அவளும் தன்னைப் போலச் சௌராஷ்டிரக்காரி என்று புரிந்துகொண்டு அந்த மொழியில் ஆரம்பித்தார். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண், இந்த வழக்கையெல்லாம் எதற்கு எடுத்துக்கொண்டீர்கள் என்ற தோரணை. வீட்டு மொழியைக் கேட்டால் வீட்டு மனுஷியாகிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

"தமிழ்லயே பேசுவோம், சார். பால்பாண்டிக்கும் புரியணும்ல," என்றாள் அவள்.

ஹரிராம் தமிழுக்கு வந்தார். அன்னக்கொடி கொடுத்த புகாருக்காகப் போலீஸ் வந்து கேட்டபோது சொன்னதையே சொன்னார். கடிதம் அன்னக்கொடியின் பெட்டியிலிருந்துதான் வந்தது. யாரோ திருட்டுத்தனமாக நுழைந்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெனித்ராவின் பூட்டை உடைக்க உலகத்தில் ஆள் கிடையாது. எழுந்து போய் ஒரு கண்ணாடிச் சுவரைக் காட்டினார். அதற்குப் பின்னால் கறுப்பு அலமாரிகள் வரிசையாகப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தன. மாவட்டத்தின் இலவச மின்னஞ்சல் மொத்தமும் அந்தக் கூரைக்கு அடியில் இருக்கிறதாம். தன்னைத் தவிர ஒரு ஈ கூட உள்ளே போக முடியாதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மூலஸ்தானத்துக் குருக்களின் பெருமிதம் இருந்தது.

"கிராமத்து ஜனங்க, மேடம். தப்பு செஞ்சிட்டு கம்ப்யூட்டர் மேல பழி போடுறாங்க," என்று சிரித்தார். "படிப்பறிவு இல்லாதவங்க கையில இவ்வளவு பெரிய டெக்னாலஜியைக் குடுத்தது எங்க தப்புதான்."

பால்பாண்டி வாயைத் திறக்கப் போனான். சூடாமணி அவன் காலை மிதித்துவிட்டு மேஜை மேலிருந்த விளம்பரத் தாள் ஒன்றை எடுத்துப் படித்தாள். 'உங்கள் கடிதங்களுக்கு முழுப் பாதுபாப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் முகம் மாறவில்லை. தமிழ் ரொம்ப அழகாக இருக்கிறதே, யார் எழுதுவது என்று கேட்டாள்.

ஹரிராம் குளிர்ந்துபோனார். பெங்களூர்க்காரர்களுக்குத் தமிழ் வராதாம். தமிழில் எது வெளியே போனாலும் அவரே உட்கார்ந்து அடிப்பதுதானாம். சுவரில் அமெரிக்கச் சான்றிதழ்களுக்கு நடுவே தொங்கிய பழுப்பேறிய ஒரு சட்டத்தைக் காட்டினார். தமிழ் டைப்ரைட்டிங், ஹையர் கிரேடு, முதல் வகுப்பு.

வெளியே வந்து, கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரோட்டோரம் இருந்த பருத்திப்பால் வண்டியில் நின்றார்கள். பால்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆளுடைய திமிரில் பாதியைக் கண்மாயில் கொட்டினால் நீர்மட்டம் கரையைத் தாண்டும் என்றான். சூடாமணி டம்ளரை வைத்துவிட்டு, உரித்த போஸ்டரையும் விளம்பரத் தாளையும் வண்டிப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

அவள் காலத்தில் பத்தாவது முடித்த பெண்ணுக்கு இரண்டே வழி. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் டைப்ரைட்டிங். அவள் இரண்டாவதற்குப் போய் வந்தவள்.

"பழைய தமிழ் டைப்ரைட்டர்ல, 'க'வும் 'ப'வும் அடுத்தடுத்த வீடு," என்றாள். "'த'வும் 'ம'வும் அடுத்தடுத்த வீடு. விரல் ஒரு எழுத்து வலது பக்கம் நழுவுனா கண்மாய் பண்மாயாயிரும், தலைவர் மலைவராயிருவாரு. அன்னக்கொடி அடிச்சா எப்படித் தப்பு வருது? மூணு சுழியா ரெண்டு சுழியான்னு குழம்பி 'கன்மாய்'னு வருது. காது பண்ற தப்பு அது. போஸ்டர்ல இருக்கிறது விரல் பண்ற தப்பு. இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற யாருக்கும் இந்தத் தப்பு வராது. அந்த மையத்துல வேற முறையே கிடையாது."

பால்பாண்டி விளம்பரத் தாளைப் பார்த்தான். பாதுகாப்பு, பாதுபாப்பு. அதே 'க', அதே 'ப', அதே வலது பக்கம்.

"அப்ப அந்தக் கடிதாசியை அடிச்சது இந்தக் குருக்களா?"

"இவரேதான். அந்தப் பையன் குவைத்துல கஷ்டப்படுறதும் இவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு இப்பப் புரியுதா? கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து பழைய மெயிலையெல்லாம் படிச்சிருக்காரு. தாயும் மகனும் பேசிக்கிட்டதைப் படிச்சு, அதுல இருந்தே ஒரு கயிறு திரிச்சு அவ கழுத்துல போட்டிருக்காரு. உள்ள இருந்துகிட்டே அனுப்பினதால பூட்டும் உடையல, சாவியும் தொலையல."

இப்போதே போய் சட்டையைப் பிடிக்கலாம் என்றான் அவன். அவள் தலையை ஆட்டினாள். கோர்ட்டில் போய் 'பாப்பு' என்ற மூன்று எழுத்தைக் காட்டினால் நீதிபதி பேரன் பேத்தியைப் பற்றித்தான் விசாரிப்பார். ஹரிராம் அந்தப் பெட்டிக்குள் நுழைகிறார் என்பது அவர் காலாலேயே தெரிய வேண்டும்.

அன்று மாலை அன்னக்கொடியைப் பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு வரவழைத்தாள். குருத்தம்பட்டிக்கும் திவ்யாவுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அன்னக்கொடியையே புதிய பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு சூடாமணி முதுகைக் காட்டி நின்றாள். பால்பாண்டியைத் தெருவுக்கு அனுப்பினாள். இப்போது அந்தப் பெட்டியின் சாவி உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் இருந்தது.

பிறகு மகனுக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னாள். ஜெனித்ரா ஆபீசுக்குள் இருக்கிற ஒருத்தர் மனசு கேட்காமல் நடந்ததையெல்லாம் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார், நாளைக் காலையில் திருவாதவூர்க் கோயிலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ரகசியமாகச் சந்திக்கப் போகிறேன் என்று விஷயம். அன்னக்கொடி முழுவதும் அடித்து முடித்து, அனுப்புகிற பொத்தானில் கையை வைத்தபோது சூடாமணி தடுத்தாள். அனுப்ப வேண்டாம். பாதியில் நிறுத்திய கடிதங்கள் கிடக்கிற பக்கத்தில் அது கிடக்கட்டும்.

"அனுப்பாத கடிதாசியை யார் படிப்பா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"அதைத்தான் பாக்கப் போறோம்."

திருவாதவூர் மதுரைக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருந்தது. திருநகர்க்காரருக்கும் குருத்தம்பட்டிக்காரருக்கும் அந்தப் பக்கம் எந்த ஜோலியும் கிடையாது. அதனால்தான் சூடாமணி அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். டீக்கடை பெஞ்சில் அவளும் அன்னக்கொடியும் திவ்யாவும் உட்கார்ந்திருந்தார்கள். பேயாண்டியையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். அவர் தூணோரம், யாருக்கோ வந்த விருந்தாளி மாதிரி நின்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. பால்பாண்டி இரண்டு வடையைத் தின்று முடித்துவிட்டு, குருக்கள் வர மாட்டார், வந்தால் மூன்றாவது வடைக்கு நான் காசு கொடுக்கிறேன் என்று பந்தயம் கட்டினான்.

அவன் வாயை மூடுவதற்குள் வெள்ளை குவாலிஸ் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சோணையின் வண்டி. முன் சீட்டிலிருந்து சோணை இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு ஹரிராம் இறங்கினார். கண் கடை கடையாகத் தேடியது. தன் ஆபீசில் எந்தத் துரோகி என்று பார்க்க வந்த கண்.

"உங்க ஆளு யாரும் வரல, சார்," என்றாள் சூடாமணி பெஞ்சிலிருந்தே. "வரப்போறதும் இல்ல. டீ சாப்பிடுறீங்களா?"

ஹரிராம் ஒரு கணம் திகைத்தார். உடனே சமாளித்துக்கொண்டு கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார். கோயில் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் டீக்கடையை அல்லவா கும்பிட வந்தீர்கள் என்றான் பால்பாண்டி.

சூடாமணி குரலை உயர்த்தாமல் நடந்ததைச் சொன்னாள். இந்த இடமும் இந்தச் சந்திப்பும் ஒரே ஒரு கடிதத்தில்தான் இருந்தன. அந்தக் கடிதம் யாருக்கும் போகவில்லை. பாஸ்வேர்டு அன்னக்கொடியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆக, படித்தவர் கண்ணாடி அறைக்குள் இருந்து படித்திருக்கிறார். படித்துவிட்டுக் கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு நேரே வந்து நிற்கிறார். திவ்யா மெல்ல மூச்சு விட்டாள். தூணோரம் நின்ற பேயாண்டி முதல் முறையாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

ஹரிராம் வெட்கப்படுவார் என்று பால்பாண்டி எதிர்பார்த்தான். அவர் சிரித்தார். பெட்டி திறக்கும்போது 'சம்மதம்' என்று ஒரு பொத்தானை அமுக்கினாளே இந்த அம்மா, அதற்கு மேலே முப்பது பக்கத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாளா? இங்கிலீஷில் தெளிவாக இருக்கிறது. சேவையின் நலனுக்காகக் கம்பெனி எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கலாம். பெட்டி கம்பெனியுடையது. உள்ளே இருக்கிறதும் கம்பெனியுடையது. எந்தக் கோர்ட்டுக்கும் போகலாம்.

அன்னக்கொடி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"கண்மாய் கிடக்கட்டும், சார். எம் பிள்ள அங்க அடி வாங்கிட்டு அழுது அழுது எழுதுவான். நான் எம் புருசன்கிட்டகூடச் சொல்லாம, ராத்திரில தலகாணியக் கடிச்சிட்டுக் கிடந்தேன். அம்புட்டையும் நீங்க ஏசியில உக்காந்து படிச்சீகளா?"

ஹரிராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மனிதன் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட இத்தனை அருவருப்பு வந்திருக்காது என்று பால்பாண்டிக்குத் தோன்றியது.

"போலாம், சோணை அண்ணே," என்று அவர் வண்டிப் பக்கம் திரும்பினார்.

சூடாமணி அதற்காகத்தான் காத்திருந்தாள் என்பது பால்பாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஹரிராமை விட்டுவிட்டுச் சோணையிடம் பேசினாள். சாதாரணமாக, ஊர் நிலவரம் விசாரிப்பது போல.

"உங்க பெட்டியும் அங்கதான இருக்கு, சோணை? ரிப்பன் வெட்டுன அன்னைக்கு முதல் பெட்டியே உங்களுக்குத்தான்னு பேப்பர்ல படம் போட்டிருந்தாங்க."

சோணையின் கை வண்டிக் கதவிலேயே நின்றது. அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதேதோ ஓடுவது தெரிந்தது. இந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு எழுதியது, அந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு எழுதியது, ஒருவரைப் பற்றி மற்றவருக்குப் போட்டுக் கொடுத்தது. ரிப்பன் வெட்டிய நாளிலிருந்து அவர் செய்த அரசியல் முழுக்க அந்தப் பச்சை விளக்குக்கு அடியில் கிடந்தது.

"சார்," என்றார் மெதுவாக. "என்னோடதையும் படிக்கிறீகளா?"

"அண்ணே, அது வந்து... எல்லாருதையும் இல்ல. தேவைப்பட்டா மட்டும்."

"எனக்கு எப்பத் தேவைப்பட்டுச்சு?"

ஹரிராம் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சோணை நன்றாகவே படித்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் மட்டும்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்னக்கொடியின் பக்கம் திரும்பி, கடிதத்தை எழுதியது இந்த ஆள்தான், தன்னிடம் கொண்டுவந்து கொடுத்துப் போஸ்டர் அடிக்கச் சொன்னதும் இவர்தான் என்று பேயாண்டி காதுபடச் சொன்னார். பாவம் தீர்ப்பதற்காகச் சொல்லவில்லை. நாளை தன் கடிதத்தையும் எவனாவது போஸ்டராக அடித்தால், அடித்தவன் பொய்யன் என்று ஊருக்கு இன்றே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். குவாலிஸ் கிளம்பியது. ஹரிராம் ஏறவில்லை. ஏற விடவில்லை.

தூசி அடங்கியதும் பால்பாண்டி அவரிடம் போய், ஒத்தக்கடைக்கு மினி பஸ் வரும், நின்றுகொண்டு போகிற அளவுக்கு இடம் இருக்கும் என்று மரியாதையாகச் சொன்னான்.

பேயாண்டி தூணை விட்டு வந்தார். கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கி, ஆற்றி, அன்னக்கொடியின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. திவ்யா பார்க்காதது போல வடைத் தட்டைப் பார்த்தாள்.

மறுநாள் குருத்தம்பட்டியில் புதிய போஸ்டர் ஏறியது. 'கம்பெனிச் சதியை முறியடித்த மாவீரன் சோணை' என்று, கண்மாய்க் கரையில் அவர் கை கட்டி நிற்கிற படத்தோடு. பால்பாண்டி கொதித்தான். சூடாமணிக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. பயந்தவன் உண்மையைச் சொல்லும்போது தன் பெயரைப் போட்டுத்தான் சொல்லுவான், நமக்கு உண்மை வெளியே வந்தால் போதும் என்றாள். வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் பெட்டி வைத்திருந்த அரசியல்வாதிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் இன்டர்நெட் மையத்துக்கு ஓடி வந்து, தங்கள் கடிதங்களை அழிக்க முடியுமா என்று திவ்யாவிடம் காது கடித்தார்கள். சாணி அடித்தவனும் அந்த வரிசையில் நின்றதாக அவள் போனில் சொன்னாள்.

அன்னக்கொடி ஜெயித்தாள். பெரிய வித்தியாசத்தில் இல்லை. ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கடைசி வரை மாவீரனுக்குத்தான் குத்தினார்கள். சோணையின் மனைவி வார்டு உறுப்பினராகித் துணைத் தலைவரும் ஆனாள். ஜெனித்ரா 'ஒரு தனிநபரின் ஆர்வக்கோளாறு' என்று இரண்டு வரி அறிக்கை விட்டு, அறிவை வேறு மாவட்டத்தில் நடப் போனது. ஹரிராமைப் பெங்களூருக்கு மாற்றி ஒரு புதிய பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். பிரிவின் பெயர் 'வாடிக்கையாளர் நம்பிக்கை'.

பேயாண்டி மட்டும் போஸ்டரால் ஒரு நன்மை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் படுகிற பாடு தெரிந்ததும் அவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று யார் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. மனு டெல்லிக்குப் போய், தூதரகத்துக்குப் போய், அழகுபாண்டியின் பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. டிக்கெட் எடுத்துவிட்டு எழுதும்படி மகனிடம் சொல்லியிருந்தார்கள். எழுதுவதற்கு ஒரு பெட்டி வேண்டுமே. புருஷனும் மனைவியும் அதற்காக மஹால் பக்கத்து மாடியறைக்கு வந்தார்கள்.

பால்பாண்டி வேறொரு கம்பெனியின் பக்கத்தைத் திறந்தான். அன்னக்கொடி அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, இவனும் படிப்பானா என்று கேட்டாள். படிக்கலாம் என்றாள் சூடாமணி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பாஸ்வேர்டு மறந்துட்டா நீங்கதான்னு கண்டுபிடிக்க உங்க சொந்த விஷயம் ரெண்டு கேக்குறாங்கக்கா," என்றான் பால்பாண்டி. "பிறந்த ஊரு எது?"

அன்னக்கொடி யோசித்தாள். "உள்ளதைத்தான் சொல்லணுமா?"

"அப்படிச் சட்டம் ஒண்ணும் இல்ல. நமக்கு ஞாபகம் இருந்தாப் போதும்."

"அப்ப லண்டன்னு போடு."

அவன் போட்டான். "அடுத்தது, முத முதலா வளத்த பிராணியோட பேரு."

பேயாண்டி எதையோ நினைத்துக்கொண்டு, அந்தச் செவலைக் கன்னுக்குட்டிக்கு என்னமோ பெயர் வைத்தாயே என்று வாயைத் திறந்தார். அன்னக்கொடி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஹரிராம்னு போடுப்பா," என்றாள்.

பேயாண்டி சிரித்த சிரிப்பில், கீழே தெருவில் போனவர்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள்.